எல் கிளாசிக்கோ (பார்சிலோனா-ரியல் மாட்ரிட் மோதல்): எம்பாப்பேயை விடுங்கள், பாஸ் கொடுப்பவரைப் பாருங்கள்

நாளை ஞாயிறு, மே 11, 2025. இந்திய நேரப்படி இரவு 7:45-க்கு பார்சிலோனாவின் மொன்ஜுயிக் மலையில் இருக்கிற ஒலிம்பிக் மைதானத்தில் பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் மோதுகின்றன. (பார்சிலோனாவின் சொந்த மைதானமான கேம்ப் நோவில் கட்டுமான வேலை இன்னும் முடியாததால் அங்கே இல்லை.) இந்த சீசனில் இரண்டும் மோதுவது இது நான்காவது முறை. முதல் மூன்றிலும் ஜெயித்தது பார்சிலோனா: அக்டோபரில் லீக் ஆட்டம் 4-0, ஜனவரியில் ஜெத்தாவில் சூப்பர் கோப்பை இறுதி 5-2, ஏப்ரல் 26 அன்று செவில்லில் கோபா டெல் ரே இறுதி 3-2. கூட்டினால் 12-க்கு 4.

இந்த முடிவுகளைப் பார்த்துப் பலருக்கும் வருகிற குழப்பம் ஒன்றுதான். பார்சிலோனாவின் தடுப்பாட்டக்காரர்கள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள், பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கிறது. எதிரே உலகத்திலேயே வேகமான முன்கள ஜோடிகளில் ஒன்று, எம்பாப்பேயும் வினிசியஸும். அப்படியென்றால் மாட்ரிட் அல்லவா கோல் மழை பொழிந்திருக்க வேண்டும்? ஏன் நடக்கவில்லை? நாளைக்காவது நடக்குமா? இதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து போவோம். அதற்கு முன் புள்ளிக் கணக்கை முடித்துவிடலாம்.

புள்ளிக் கணக்கு: 4 புள்ளி வித்தியாசம், உண்மையில் அதைவிடக் கொஞ்சம் அதிகம்

34 ஆட்டங்கள் முடிந்த நிலையில் பார்சிலோனா 79, மாட்ரிட் 75. நாளைய ஆட்டத்தையும் சேர்த்து மீதி 4. இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது மொத்த கோல் வித்தியாசத்தை. ஸ்பெயினில் அப்படி இல்லை. அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய இரண்டு லீக் ஆட்டங்களின் முடிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். அக்டோபரில் மாட்ரிட்டின் பெர்னபேவு மைதானத்தில் 4-0 என்று ஜெயித்ததன் பலன் பார்சிலோனாவுக்கு இங்கேதான் கிடைக்கிறது.

1. பார்சிலோனா ஜெயித்தால் 82-75. மீதி 3 ஆட்டத்தையும் மாட்ரிட் ஜெயித்தாலும் 84-தான். பார்சிலோனாவுக்கு 3 ஆட்டத்தில் 2 புள்ளி போதும், சமமானாலும் பட்டம் அவர்களுக்கே.
2. டிரா ஆனால் 80-76. பார்சிலோனாவுக்கு 9-ல் 5 வேண்டும்.
3. மாட்ரிட் ஜெயித்தால் 79-78. அப்போதும் முன்னால் நிற்பது பார்சிலோனாதான். நேருக்கு நேர் கணக்கைத் திருப்ப வேண்டுமானால் மாட்ரிட் 5 கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். 4 கோல் வித்தியாசம் என்றால் அந்தக் கணக்கு சமமாகி மொத்த கோல் வித்தியாசத்துக்குப் போகும், அதில் பார்சிலோனா வெகு தூரம் முன்னால் இருக்கிறது.

ஆக, மாட்ரிட்டுக்கு டிரா என்பது ஏறக்குறைய தோல்விதான். அவர்கள் கோல் அடித்தே ஆக வேண்டும். சரி, எப்படி அடிப்பது? பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆஃப்சைடு விதி: எல்லோரும் மறந்துபோகிற நான்கு விஷயங்கள்

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்களுக்குப் பாஸ் கொடுக்கப்படும்போது, உங்களுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணி ஆட்கள் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும் (ஒருவர் பெரும்பாலும் கோல்கீப்பர், இன்னொருவர் கடைசித் தடுப்பாட்டக்காரர்). இல்லையென்றால் ஆஃப்சைடு. 1925 வரைக்கும் மூன்று பேர் இருக்க வேண்டும் என்று இருந்தது. கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேர்கோட்டில் நின்றாலும் ஆஃப்சைடு இல்லை என்று 1990-ல் தளர்த்தினார்கள். ஆனால் நாளைய ஆட்டத்துக்கு முக்கியமானவை இந்த நான்கு.

1. கணக்கில் வருவது பந்து வந்து சேரும் நேரம் அல்ல, பாஸ் கொடுக்கிறவரின் கால் பந்தைத் தொடுகிற நொடி. அந்த நொடியில் எம்பாப்பே எங்கே இருந்தார் என்பதுதான் கேள்வி.
2. தன் அணியின் பாதி மைதானத்துக்குள் நிற்பவருக்கு ஆஃப்சைடே கிடையாது. பார்சிலோனாவின் கோடு (தடுப்பாட்டக்காரர்களின் வரிசை) நடுக்கோட்டை ஒட்டி வரும்போது இந்த விதி உயிர் பெறுகிறது, ஓடுகிறவர் ஒரு அடி பின்னாலிருந்து கிளம்பினால் கொடி உயர வழியில்லை.
3. கார்னர், த்ரோ-இன், கோல் கிக் ஆகியவற்றிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை.
4. ஆஃப்சைடு இடத்தில் சும்மா நிற்பது குற்றமில்லை. ஆட்டத்தில் கலந்துகொண்டால்தான் குற்றம்.

அப்புறம் துணை நடுவரின் கொடி. வீடியோ நடுவர் வந்ததிலிருந்து, கோல் வாய்ப்பு உருவாகிக்கொண்டிருந்தால் கொடியை உடனே தூக்க வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் எம்பாப்பே 40 மீட்டர் ஓடி, பந்தை வலைக்குள் அடித்து, கையை விரித்துக் கொண்டாட ஆரம்பித்த பிறகு கொடி உயர்கிறது. இந்த சீசனிலிருந்து ஸ்பெயின் லீக்கில் பாதி தானியங்கி ஆஃப்சைடு முறையும் வந்துவிட்டது, விரல் நுனி அளவு வித்தியாசமும் தப்பாது. அது பார்சிலோனாவுக்கு லாபம் என்பது என் கணிப்பு. மனிதக் கண்ணை நம்பி இவ்வளவு துல்லியமான ஆட்டம் ஆட யாருக்கும் தைரியம் வராது.

ஃபிளிக்கின் கோடு எப்படி வேலை செய்கிறது

ஹான்சி ஃபிளிக் 2024 கோடையில் பார்சிலோனாவுக்குப் பயிற்சியாளராக வந்தார். 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் பார்சிலோனாவை 8-2 என்று நொறுக்கிய பயர்ன் மியூனிக்கின் பயிற்சியாளர் இதே ஆள்தான். அன்றைக்கும் அவருடைய தடுப்பாட்டக்காரர்கள் இப்படித்தான் மேலே ஏறி நின்றார்கள். அதே வாரக் கடைசிக்கு அடுத்த ஞாயிறு நடந்த இறுதியில் பாரிஸ் அணியை 1-0 என்று வென்றார், அந்தப் பாரிஸ் அணியில் எம்பாப்பே இருந்தார். ஆக, இந்தக் கோடு எம்பாப்பேக்குப் புதிதில்லை.

கோடு நிற்பதற்கு மூன்று விஷயம் ஒன்றாக நடக்க வேண்டும்.

முதலாவது, பந்தை வைத்திருப்பவருக்கு நெருக்கடி. எதிரணி மிட்ஃபீல்டர் தலையைத் தூக்கிப் பார்க்கும் முன் பார்சிலோனாவின் பெட்ரியோ ரஃபீன்யாவோ காலடியில் வந்து நிற்க வேண்டும். தலையைத் தூக்க முடியாதவர் சரியான நொடியில் பாஸ் கொடுக்க முடியாது. முன்னால் இருப்பவர் கிளம்பிவிட்டார், பந்து இன்னும் காலை விட்டுக் கிளம்பவில்லை, அந்த அரை நொடித் தாமதம்தான் ஆஃப்சைடு. பார்க்கிற நமக்கு எம்பாப்பே அவசரப்பட்டதாகத் தெரியும். பெரும்பாலும் தப்பு பின்னால் நடந்திருக்கும்.

இரண்டாவது, நான்கு தடுப்பாட்டக்காரர்களும் ஒரே கயிற்றில் கட்டியது போல ஒன்றாக ஏற வேண்டும், ஒன்றாக இறங்க வேண்டும். இனிகோ மார்டினெஸ் குரல் கொடுப்பவர், பக்கத்தில் 18 வயது பாவ் குபார்சி. ஒருவர் மட்டும் ஒரு மீட்டர் பின்தங்கினால் மற்ற மூன்று பேரின் உழைப்பும் வீண்.

மூன்றாவது, கோல்கீப்பர் பெனால்டி பெட்டியை விட்டு வெளியே வந்து பின்னால் இருக்கிற காலி இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வு அறிவித்துவிட்டு, டெர் ஸ்டெகனுக்கு முழங்கால் போனதும் திரும்பி வந்த ஷெஸ்னிதான் இந்த வேலையைச் செய்கிறார். இதன் விலை என்ன என்பதும் அவருக்குத் தெரியும், சூப்பர் கோப்பை இறுதியில் பெட்டிக்கு வெளியே ஓடிவந்து எம்பாப்பேயை வீழ்த்தி சிவப்பு அட்டை வாங்கினார்.

மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அக்டோபர் 26 ஆட்டம் சாட்சி. மாட்ரிட் மொத்தம் 12 முறை ஆஃப்சைடில் மாட்டியது, அதில் 8 எம்பாப்பே மட்டும். வலைக்குள் போன அவருடைய இரண்டு பந்துகள் செல்லாமல் போயின. இடைவேளை வரை 0-0, அப்புறம் பார்சிலோனாவின் லெவன்டாவ்ஸ்கி இரண்டு நிமிடத்தில் இரண்டு அடித்தார், கதை முடிந்தது.

மாட்ரிட் அடித்த 4 கோலையும் பிரித்துப் பாருங்கள்

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மூன்று ஆட்டங்களில் மாட்ரிட் பார்சிலோனாவுக்கு எதிராக அடித்தவை மொத்தம் நான்கு.

1. சூப்பர் கோப்பை, 5-வது நிமிடம், எம்பாப்பே. பார்சிலோனா பந்தை இழந்ததும் எதிர்த்தாக்குதல், நடுக்கோட்டுப் பக்கம் பந்தை வாங்கித் தானே ஓட்டிக்கொண்டு போய் அடித்தது.
2. அதே ஆட்டம், ரோட்ரிகோ, ஃப்ரீ கிக். அந்த ஃப்ரீ கிக்கே ஷெஸ்னியின் சிவப்பு அட்டையால் வந்தது.
3. கோபா இறுதி, எம்பாப்பே, ஃப்ரீ கிக்.
4. அதே ஆட்டம், சுவமேனி, அர்தா குலெரின் கார்னரிலிருந்து தலையால்.

நான்கில் மூன்று நின்ற பந்திலிருந்து (ஃப்ரீ கிக், கார்னர்) வந்தவை. ஓட்டத்தில் வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் எம்பாப்பே தானே பந்தை ஓட்டிப் போனது. கோட்டுக்குப் பின்னால் ஒரு அழகான பாஸ், அதைத் துரத்தி ஒரு கோல் என்று எல்லோரும் எதிர்பார்க்கிற அந்தக் காட்சி மூன்று ஆட்டத்திலும் செல்லுபடியான கோலாக ஒருமுறைகூட வரவில்லை.

ஏன்? என் பதில்: மாட்ரிட்டின் மிட்ஃபீல்டராக இருந்த டோனி குரூஸ். அவர் 2024 கோடையில் ஓய்வு பெற்றார், அதே கோடையில் எம்பாப்பே வந்தார். ஓடுகிறவரை வாங்கிய வருடம் பாஸ் கொடுக்கிறவரை இழந்தார்கள். வால்வெர்டே ஓடுவார், சுவமேனி அடைப்பார், பெல்லிங்காம் பெட்டிக்குள் புகுவார். நெருக்கடியில் நின்று, தலையைத் தூக்கி, 40 மீட்டர் பந்தை சரியான நொடியில் வைக்கிற ஆள் இவர்களில் யாரும் இல்லை. மோட்ரிச்சுக்கு அந்தக் கால் இன்னும் இருக்கிறது, ஆனால் வயது 39. கோபா இறுதியில் குலெரும் மோட்ரிச்சும் இரண்டாம் பாதியில் உள்ளே வந்த பிறகுதான் மாட்ரிட் மூச்சுவிட ஆரம்பித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எம்பாப்பேக்கு ஆஃப்சைடு பார்க்கத் தெரியவில்லை என்று திட்டுகிறவர்கள் தவறான ஆளைத் திட்டுகிறார்கள் என்பேன்.

கோட்டை உடைப்பது எப்படி: இன்டர் காட்டிய வழி

உடைக்கவே முடியாத கோடு என்று எதுவும் இல்லை. பென்ஃபிகா ஜனவரியில் இவர்களுக்கு எதிராக 4 அடித்தது (தோற்றது 5-4 என்று). அட்லெட்டிகோ மாட்ரிட் கோபா அரையிறுதி முதல் ஆட்டத்தில் 4 அடித்து 4-4 என்று முடித்தது. டார்ட்மண்ட் ஏப்ரலில் 3-1 என்று ஜெயித்தது. போன செவ்வாய்க்கிழமை இன்டர் மிலான் அரையிறுதியின் இரண்டு ஆட்ட மொத்தக் கணக்கில் 7-6 என்று வென்று சாம்பியன்ஸ் லீக்கிலிருந்தே வெளியேற்றியது. இந்த ஆட்டங்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. பந்தைப் பறித்த கையோடு தாக்குவது. மிலானில் இன்டரின் முதல் கோலைப் பாருங்கள். பார்சிலோனாவின் ஓல்மோவிடமிருந்து டிமார்க்கோ பந்தைப் பறித்தார், டம்ஃபிரீஸுக்கு ஒரு பாஸ், அவர் பக்கவாட்டில் லாவ்தாரோவுக்குத் தள்ளினார், முடிந்தது. பந்தை இழந்த நொடியில் பார்சிலோனா ஆட்கள் நெருக்கடி கொடுக்கும் இடத்தில் இல்லை. நெருக்கடி இல்லாத உயர்ந்த கோடு வெறும் திறந்த வாசல்.
2. பின்னாலிருந்து வரும் இரண்டாம் ஆள். ஸ்ட்ரைக்கர் ஆஃப்சைடில் நிற்கட்டும், கவலையில்லை, பந்தைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்ளட்டும். மிட்ஃபீல்டிலிருந்து கிளம்பி வருபவருக்குப் பந்து போகட்டும். இந்த வேலைக்குப் பிறந்தவர் பெல்லிங்காம்.
3. பாஸே வேண்டாம், ஓட்டிக்கொண்டு போ. பந்தோடு ஓடுகிறவருக்கு ஆஃப்சைடு இல்லை. வினிசியஸ் இடது ஓரத்தில் இதைச் செய்யக்கூடியவர்.
4. நின்ற பந்து. இன்டரோடு அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் டம்ஃபிரீஸ் அடித்த இரண்டும் கார்னரிலிருந்து வந்தவை. மாட்ரிட்டின் சொந்த அனுபவமும் இதையே சொல்கிறது.
5. கோல் கிக். மாட்ரிட் கோல்கீப்பர் குர்துவா நீளமாக உதைத்தால் ஆஃப்சைடு விதி கிடையாது. அதனால் அப்போது மட்டும் பார்சிலோனாவின் கோடு பின்வாங்கி நிற்கும், அந்த வித்தியாசத்தை நாளைக்குக் கவனித்துப் பாருங்கள்.

இன்டரிடம் இன்னொன்றும் இருந்தது. பந்து இல்லாதபோது பத்து பேரும் பின்னால் வந்து உழைத்தார்கள். மாட்ரிட்டில் எம்பாப்பேயும் வினிசியஸும் அதைச் செய்வதில்லை, செய்யப்போவதும் இல்லை. ஆக, இன்டரின் திட்டத்தை அப்படியே தூக்கிவந்து வைக்க மாட்ரிட் பயிற்சியாளர் அன்செலோட்டியால் முடியாது.

யார் இருக்கிறார்கள், யார் இல்லை

மாட்ரிட்டின் தடுப்பாட்டம் மருத்துவமனை வரிசை மாதிரிதான் கிடக்கிறது. கார்வஹாலும் மிலிட்டாவோவும் முழங்கால் தசைநார் கிழிந்து போன வருடமே போய்விட்டார்கள். ருடிகர், அலாபா, மெண்டி மூன்று பேரும் ஏப்ரல் கடைசியில் விழுந்தார்கள். கமவிங்காவும் இல்லை. மிச்சம் இருப்பது லூகாஸ் வாஸ்கெஸ், இளைஞர் ராவுல் அசென்சியோ, ஃபிரான் கார்சியா, அப்புறம் நடுத்தடுப்பில் கடன் வாங்கப்பட்ட சுவமேனி. அவரைப் பின்னால் இழுத்தால் மிட்ஃபீல்டில் ஓட்டை விழும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்.

இந்த நால்வருக்கு எதிரே ஒரு பக்கம் 17 வயது லாமின் யமால், இன்னொரு பக்கம் ரஃபீன்யா. யமாலை ஃபிரான் கார்சியா தனியாகச் சமாளிப்பார் என்று நினைக்க முடியவில்லை, உதவிக்கு ஒருவர் வர வேண்டும், வினிசியஸ் வர மாட்டார், ஆக நடுவிலிருந்து பெல்லிங்காமோ வேறொருவரோ வர வேண்டும், அவர் வந்துவிட்டால் மேலே சொன்ன 'இரண்டாம் ஆள்' வேலைக்கு யார்? இந்தச் சங்கிலியை அன்செலோட்டி எங்கே அறுக்கிறார் என்பதை முதல் கால்மணி நேரத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

பார்சிலோனாவுக்கும் காயங்கள் உண்டு. கோபா இறுதியில் 116-வது நிமிடம் வெற்றி கோல் அடித்த குண்டே இல்லை, இடது பக்கம் பால்டேயும் ஏப்ரலில் காயம்பட்டவர். எரிக் கார்சியா, ஜெரார்ட் மார்ட்டின் என்று ஆட வேண்டிவரும். இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் கோடு உடைந்தால் ஓடிப்பிடிக்கிற வேகம் குண்டேக்கும் பால்டேக்கும்தான் உண்டு. கோடு சரியாக நின்றால் தெரியாது. நிற்கவில்லை என்றால் ரொம்பவே தெரியும்.

இதைவிடப் பெரிய கேள்வி கால்கள். ஏப்ரல் 26 கோபா இறுதி 120 நிமிடம், ஏப்ரல் 30 இன்டர், மே 3 வயாடோலிட் (அதில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்கள்), மே 6 மறுபடி இன்டரோடு 120 நிமிடம், அதுவும் 93-வது நிமிடத்தில் அச்செர்பி சமன் செய்து மனதை உடைத்த ஆட்டம். கோபா இறுதிக்குப் பிறகு மாட்ரிட் மே 4 அன்று செல்டாவோடு ஆடியது மட்டும்தான். நெருக்கடி கொடுக்கிற ஆட்டம் முழுக்க முழுக்கக் கால் பலத்தை நம்பியது. பெட்ரி அரை நொடி தாமதமாக வந்தால் குலெருக்குத் தலையைத் தூக்க நேரம் கிடைக்கும், அந்த நேரம் கிடைத்தால் இவ்வளவு நாள் ஆஃப்சைடில் மாட்டிய எம்பாப்பே திடீரென்று சரியாக ஓடுகிறவர் ஆகிவிடுவார்.

என் கணிப்பு

மாட்ரிட் நாளைக்கு இரண்டு கோலாவது அடிக்கும். எம்பாப்பேக்கு அதில் பங்கு நிச்சயம். ஆனால் வாங்காமல் இருக்க அவர்களால் முடியாது, அந்தத் தடுப்பாட்டத்தை வைத்துக்கொண்டு முடியவே முடியாது. ஐந்துக்கு மேல் கோல் விழும் ஆட்டம், பார்சிலோனா தோற்காது என்பது என் கட்சி. மாட்ரிட் முதலில் அடித்தாலும் இதை மாற்றிக்கொள்ள மாட்டேன், சூப்பர் கோப்பையிலும் முதலில் அடித்தது அவர்கள்தான்.

அடுத்து தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை மாட்ரிட் தன் மைதானத்தில் மயோர்காவோடு ஆடுகிறது, வியாழக்கிழமை பார்சிலோனா எஸ்பான்யோல் மைதானத்துக்குப் போகிறது. நாளை பார்சிலோனா ஜெயித்து, புதன்கிழமை மாட்ரிட் ஜெயிக்கவில்லை என்றால் பார்சிலோனா வீட்டில் உட்கார்ந்தபடியே சாம்பியன். மாட்ரிட் மயோர்காவை வென்றுவிட்டால், வியாழன் இரவு உள்ளூர் எதிரி எஸ்பான்யோலின் புல்தரையில் பட்டத்தை முடிக்கலாம். 2023 மே மாதம் அதே மைதானத்தில் இதேபோல் பட்டம் வென்று பார்சிலோனா ஆட்டக்காரர்கள் கொண்டாடியபோது எஸ்பான்யோல் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கித் துரத்தினார்கள்.